மலையோட்டச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. புதன் மாலைப் பயிற்சி குளிர்காலத்திலும் தடைபடவில்லை. பரிசளிப்பு விருந்து நன்றாக நடந்தது.

இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கௌட் மலை மீது நடத்திய கூட்டு ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாதியில் ஏன் திருப்பினீர்கள் என்று இன்னமும் கேட்கிறார்கள்.

அன்று விடியற்காலையிலிருந்தே மழை. புறப்படும் இடமான பௌடன் பிரிட்ஜ் கல்குவாரியில் ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்த்தேன்: ரெயின்கோட், மழைக்கால்சட்டை, குல்லா, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், அவசரத்துக்குச் சாப்பிட ஏதாவது. தையல் வழியாகத் தண்ணீர் இறங்கும் மெல்லிய விண்ட்சீட்டரோடு வந்தவர்களை ஓட விடவில்லை. அதில் அவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் நனைந்த உடம்போடு அந்தக் காற்றில் கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டால், மீட்புக் குழு ஏறி வருவதற்குள் உடம்பு விறைத்துவிடும். அடுத்த முறையும் இதையேதான் செய்வேன்.

வில்லியம் கிளஃப் பள்ளத்தில் ஏறும்போதே எது பாதை, எது ஓடை என்று தெரியவில்லை. மேலே மூடுபனி. பீட் என்னும் மக்கிய தாவரச் சேறு முழங்கால்வரை இழுத்தது. ஒருவருடைய ஷூவைச் சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்தோம். கிண்டர் டவுன்ஃபால் அருவியை மேற்குக் காற்று மேல்நோக்கி அள்ளி எங்கள் முகத்தில் அடித்தது. அங்கே ஆற்றைக் கடந்துதான் 633 மீட்டர் உயரக் கிண்டர் லோ என்னும் மேட்டுக்குப் போக வேண்டும். ஆறு பெருகி ஓடியது.

ஆறு மட்டும் என்றால் வேறு வழி பார்த்திருக்கலாம். மலையின் மறுபுறமுள்ள எடேல் கிராமத்துப் பக்கமாக ஏறி வந்து, கிண்டர் லோவில் நின்று ஓட்டக்காரர்களை எண்ணுவதாக ஒப்புக்கொண்டவர்கள் வரவில்லை. நாங்கள் பாதி ஏறிய பிறகு போனில் ஒரு வரிச் செய்தி. சிலரிடமிருந்து அதுவும் இல்லை. அந்த மேட்டில் பீட் வாய்க்கால்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மூடுபனியில் ஒருவர் வழி தவறினால், எண்ண ஆள் இல்லாத இடத்தில், அவர் காணவில்லை என்பதே மாலையில்தான் தெரியும். அதனால்தான் திருப்பினேன். புறப்பட்ட அத்தனை பேரும் குவாரிக்கு வந்து பட்டியலில் டிக் ஆன பிறகே வீட்டுக்குப் போனேன்.

1932 ஏப்ரல் 24 அன்று, இந்த மலையில் நடக்கும் உரிமைக்காக மக்கள் கிளம்பியது அதே குவாரியிலிருந்துதான். அதற்காக ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். நமக்கோ மழையில் ஒரு மணி நேரம் நிற்க ஆள் கிடைக்கவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. காப்பீடும் முதலுதவிப் பொருள்களும்தான் முக்கியச் செலவு. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நினைவூட்டியாகிவிட்டது. ஓட்டத்தன்று முன்வரிசையில் நிற்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் காப்பீடு கட்டுகிறோம்.

மண்டபம் தந்தவர்களுக்கும், சூப்புடன் காத்திருந்தவர்களுக்கும், கடைசி ஆளோடு கூடவே இறங்கிவந்த இருவருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டும் இந்தப் பொறுப்பில் இருக்க எனக்கு விருப்பம்தான், தனி ஆளாக அல்ல. வாசல் மேஜையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். கிண்டர் லோவுக்கு நான்கு பெயர்கள் வரட்டும், அப்புறம் தேதியை அறிவிக்கிறேன்.

செயலாளர்