செயலாளர் ஆண்டறிக்கை: மூளைக்கட்டியும் பரம்பரையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியிலிருந்து வந்திருக்கும் ஆய்வுக்கூட நுட்பநர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிட்டால் நல்லது.

இந்த ஆண்டுப் பயிற்சிக் கூட்டங்களில் பெரும்பகுதி மூளைக்கட்டியின் மரபணுப் பரிசோதனைக்கே போனது. கிளியோமா என்னும் மூளைக்கட்டியின் ரிப்போர்ட்டில் ‘ஐடிஎச்1 மரபணுவில் மாற்றம் உள்ளது’ என்று வந்ததும், ‘பிள்ளைகளுக்கும் வருமா?’ என்றுதான் வீட்டார் கேட்கிறார்கள். அது அநேகமாக எப்போதும் கட்டிக்குள் மட்டும் உண்டான மாற்றம். பிறவியிலேயே வந்த மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் வேண்டும். ஊதா மூடி இடிடிஏ டியூபில் 3 மில்லி எடுத்து, எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து, 4 டிகிரியில் வையுங்கள். பச்சை மூடி டியூப் கூடாது. அதிலுள்ள ஹெபாரின், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் சோதனையைக் கெடுத்துவிடும். திசுவை 10 சதவீத பஃபர்டு ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் வைக்கலாம். பொங்கல் விடுமுறை முழுக்க அதிலேயே கிடந்த திசுவில் டிஎன்ஏ துண்டு துண்டாகத்தான் தேறும்.

2017-ல் வந்த பெரிய கிளியோமா ஆய்வு 12,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து, ஆபத்தைக் கூட்டும் 13 புதிய மரபணு இடங்களைச் சொன்னது. அநேகமாக எல்லாரும் ஐரோப்பிய வம்சாவளியினர். 8-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மாற்றம் ஐடிஎச் மாற்றமுள்ள கட்டியின் வாய்ப்பைச் சுமார் 6 மடங்கு ஆக்குகிறது. ஐரோப்பியரிடம் சாதாரணமாகக் காணப்படும் அது கிழக்காசியரிடம் அபூர்வம். தெற்கு பிரேசிலில், புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணுவின் ஒரே மாற்றம் ஆயிரத்தில் சுமார் 3 பேரிடம் இருக்கிறது. ஆகவே ஐரோப்பிய ரத்தத்தை வைத்துப் போட்ட ஆபத்துக் கணக்கை நம் ஊர்க்காரருக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது. உலக ஒப்பீட்டுக்குப் பலரும் எடுக்கும் 1000 ஜீனோம் தொகுப்பில் தமிழர் என்று இருப்பவர்களே பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள்தான்! ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்று ரிப்போர்ட் வந்தால், நல்லது கெட்டது எதுவும் நாம் சொல்ல வேண்டாம்.

நம் பக்கம் கவனிக்க வேண்டியது சொந்தத்தில் கல்யாணம். டிஎன்ஏ பிழைதிருத்தும் மரபணு ஒன்று தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால், சிறு வயதிலேயே மூளைக்கட்டியும் குடல் புற்றும் வரலாம். தோலில் காப்பிநிறத் திட்டுகளும் இருக்கும். ‘நெருங்கிய உறவா?’ என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். ‘சொந்தமா, அசலா?’ என்று கேளுங்கள். சொந்தம் என்றால் தாய்மாமனா, அத்தை மகனா, மாமன் மகனா என்று மூன்று தலைமுறைக்கு எழுதுங்கள்.

பிழைதிருத்தும் மரபணுக்களில் ஒன்று பிஎம்எஸ்2. அதன் புரதத்தைச் சாயமேற்றிப் பார்க்கும் ஸ்லைடு இந்தக் குழந்தைகளிடம் ஏமாற்றும். வழக்கமாகக் கட்டி செல் நிறமேறாவிட்டாலும், பக்கத்து ரத்தக்குழாய்ச் சுவரும் லிம்ஃபோசைட் என்னும் வெள்ளணுவும் பழுப்பாகும். இங்கே அவையும் வெளிறியே நிற்கும். சாயம் பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவிடாமல், வேறு நோயாளியின் திசுவைக் கன்ட்ரோலாக அதே ஸ்லைடில் வைத்து ஓட்டுங்கள். கன்ட்ரோல் பழுப்பாகி, இது வெளிறியே நின்றால் நோய்க்குறியியல் மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். பெற்றோரின் உறவுமுறைக்கு ஒரு கட்டம் சேர்த்த புதிய மாதிரி விண்ணப்பம் மேசையில் இருக்கிறது. கிளைக்கு ஒரு கட்டு எடுத்துக்கொள்ளவும்.