பூங்காப் புல்தரைக்கு மட்கிய உரம் இடக் கோரும் மனு

அனுப்புநர்:
பூங்காவைப் பயன்படுத்தும் குடியிருப்போர்,
திருவான்மியூர், சென்னை – 600041.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் (பூங்காக்கள்) அவர்கள்,
சென்னை.

பொருள்: புல்தரைக்கு யூரியாவுக்குப் பதிலாக மட்கிய உரம் இடும் வகையில் பராமரிப்பு ஒப்பந்தத்தைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் பகுதிப் பூங்காவில் காலையும் மாலையும் நடப்பவர்களும், பிள்ளைகளை விளையாட அழைத்து வருபவர்களும் சேர்ந்து இம்மனுவை அளிக்கிறோம்.

ஒப்பந்தப் பணியாளர்கள் புல்தரையில் யூரியாவைக் கையால் தூவுகிறார்கள். ஒரு வாரம் புல் கண்ணுக்குக் குளிர்ச்சியாகவே இருக்கிறது. ஆனால், உடனே நீர் பாய்ச்சாத நாட்களில் அதன் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போய்விடுகிறது. உரம் குவிந்து விழுந்த இடங்களிலோ புல் கருகி, அந்த வெற்றுத் திட்டுகளில் கோரை ஏறிவிடுகிறது. கடலோரமான எங்கள் பகுதியின் மண் மணற்பாங்கானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எஞ்சிய சத்து நைட்ரேட்டாகக் கரைந்து நிலத்தடிக்கு இறங்கும் என்பதும், அக்கம்பக்கத்து வீடுகளில் கிணற்று நீர் புழங்குகிறது என்பதுமே எங்கள் முதன்மையான கவலை.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்டு. மண்புழு உரத்தில் ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு பங்குதான். மட்கிய உரம் இட்ட மறுவாரமே புல் பச்சைப்பசேலென்று ஆகிவிடாது என்பதை அறிந்தே கேட்கிறோம். மணலுக்கு நீரைப் பிடித்துவைக்கும் தன்மையைத் தருவது மட்குதான். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் இந்நகரத்தில் அது சிறிய ஆதாயம் அன்று.

எனவே, சலித்த மண்புழு உரத்தையோ நன்கு மட்கிய தொழு உரத்தையோ வேப்பம் பிண்ணாக்குத் தூளுடன் கலந்து, மழை ஓய்ந்த தை மாதத்திலும் மீண்டும் ஆடியிலும், புல் நுனி மறையாத அளவுக்கு மெல்லியதாகப் பரப்ப வேண்டும் என்ற விதியை அடுத்த ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு வேண்டுகிறோம். பச்சைச் சாணத்தை உரமென்று இறக்குவதை ஏற்கக் கூடாது. களை விதைகளும் வண்டுப் புழுக்களும் அதனோடு வந்துசேரும்.

செலவு கூடும் என்று கருதப்படலாம். பூங்காவில் உதிரும் இலைச்சருகு நாள்தோறும் மூட்டை மூட்டையாகக் குப்பை வண்டியில் ஏறுகிறது. ஒரு மூலையில் இரண்டு குழிகள் வெட்டித் தந்தால் அச்சருகே உரமாகும். வெட்டிய புல்லையும் வாரிக் கொட்டாமல் மெல்லியதாக அங்கேயே பரவவிடலாம். குறையும் உரத்தை மட்கும் குப்பையை உரமாக்கும் மாநகராட்சியின் சிறு கூடங்களான நுண் உரமாக்கும் மையங்களிலிருந்து பெற வழி செய்யலாம். ஞாயிறுதோறும் உரம் சலித்துத் தர எங்களில் சிலர் ஒப்புக்கொண்டுள்ளோம்.

முழுப் பூங்காவிலும் உடனே இயலாதெனில், பிள்ளைகள் விளையாடும் பகுதியில் மட்டுமாவது வரும் தை மாதத்திலேயே தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பூங்காவைப் பயன்படுத்தும் குடியிருப்போர்
இடம்: சென்னை