ரொட்ரீக்ஸ் போய் வந்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாணமாகி முப்பது வருடத்தில் முதன்முறையாக நானும் அவரும் மட்டும் மொரிஷியஸிலிருந்து ரொட்ரீக்ஸ் தீவுக்குப் போய் வந்தோம். விசிறி வைத்த சின்ன ஏடிஆர் விமானம். ஒன்றரை மணி நேரமும் அவர் என் கையை விடவில்லை. பவளப்பாறைக்கு உள்ளே கடல் பச்சையாகத் தெரிந்ததும்தான் வாய் திறந்தார். எவ்வளவு அழகு! சனிக்கிழமை விடியலில் அந்தத் தீவின் போர்ட் மத்துரின் ஊர்ச் சந்தையில் காய்ந்த பேய்க்கணவாயும் (ஆக்டோபஸ்) எலுமிச்சை ஊறுகாயும் வாங்கினோம்.

பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீட்டுக்காரர்கள் அவசியம் போக வேண்டும். எங்களுக்கு மறுபடி பேச்சு வந்தது அங்கேதான். இப்போது ரோஸ் ஹில் வீட்டில் அவர் முருங்கைக்கீரை உருவுகிறார், நான் ரசம் கொதிக்க வைக்கிறேன். அந்த ஊறுகாய் இன்னும் பாதி இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ரோஸ் ஹில்