ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களைத் தொகுத்து வெளியிடும் குழுக்களுக்கு,

வணக்கம். நான் நிரல் எழுதுபவன் அல்ல, மொழிபெயர்ப்பாளன். பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஓர் இரவு வழக்கம்போல அப்டேட் கொடுத்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று செய்தி வந்தது. மறுநாள் காலையில் கணினியைப் போட்டால் திரை கறுப்பு. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது. மானிட்டர் போய்விட்டது என்றே நினைத்தேன். கேபிளை மாற்றினேன், வேறொரு மானிட்டரைக் கடன் வாங்கிச் செருகினேன். அரைநாள் இப்படியே போனது. கடைசியில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தியபோது எழுத்துத் திரை வந்தது. என் கோப்புகள் பத்திரமாக இருந்தன. திரையில் படம் காட்ட உதவும் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் ஏறவில்லை.

எந்த வழங்கல் என்பது இங்கே முக்கியமில்லை, யாரிடமும் நடக்கக்கூடியதுதான். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் புதிய பதிப்பு வந்திருந்தது, அதற்கேற்ப டிரைவரை உருவாக்கத் தேவையான ஹெடர் தொகுப்பு வரவில்லை. ஹெடர் இல்லாமல், இந்த வேலையைத் தானாகச் செய்யும் கருவியான டிகேஎம்எஸ்ஸால் டிரைவர் மாட்யூலை, அதாவது கர்னலில் ஏறும் துண்டை, புதிய கர்னலுக்கு உருவாக்க முடியாது. முடியவில்லை என்பதை அது லாக் கோப்பில் ஒழுங்காக எழுதியும் வைத்திருந்தது. ஆக, அப்டேட் முடிந்த அந்த நிமிடமே கணினிக்கு விஷயம் தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. என் மனக்குறை முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

உங்கள் பக்கத்துச் சிரமம் புரியாமல் இல்லை. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளுக்கான நூவோ டிரைவர், அந்த நிறுவனத்தின் ஆவணங்கள் கைக்கு வராத நிலையில், கார்டு நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்துப் பார்த்தே எழுதப்பட்டது. 2010இல் வந்த 2.6.33 கர்னலிலிருந்து அது கர்னலோடு சேர்ந்தே வருகிறது. நிறுவனத்தின் சொந்த டிரைவரோ வெளியிலிருந்து வருவது. ஒரே கார்டை இரண்டும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது என்பதால், இதை நிறுவும்போது நூவோவைத் தடைப்பட்டியலில் போடுகிறீர்கள். அது சரி. ஆனால் நிறுவனத்தின் டிரைவர் ஏறாமல் போனாலும் நூவோ மீதான தடை அப்படியே நிற்கிறது. 2022இல் என்விடியா தன் கர்னல் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்துவிட்டது உண்மைதான். ஆனால் அந்த மாட்யூல்களும் கர்னலுக்கு வெளியேதான் இருக்கின்றன. ஒவ்வொரு கர்னலுக்கும் தனியாக உருவாக்கும் வேலை அவற்றுக்கும் உண்டு.

கையொப்பம் சரிபார்த்தே எதையும் ஏற்றும் செக்யூர் பூட் பாதுகாப்பு இருந்தால் இன்னொரு வேடிக்கை. மாட்யூல் சரியாக உருவாகியிருக்கும், கையொப்பமும் இட்டிருக்கும். ஆனால் அந்தக் கையொப்பத்தின் சாவியைப் பயனர் பதிவு செய்யாவிட்டால் கர்னல் அதை ஏற்காது. பதிவு செய்யச் சொல்லி ரீஸ்டார்ட் ஆகும்போது ஒரு நீலத் திரை வரும். பத்து நொடிக்குள் ஒரு விசையை அழுத்த வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்து போனால் முடிந்தது கதை.

பயனர்கள் செய்யும் கூத்தும் கொஞ்சமல்ல. வழங்கலின் தொகுப்பு இருக்கும்போதே நிறுவனத் தளத்திலிருந்து நிறுவியை இறக்கி அதன்மேலேயே ஓட்டுவோம். நானும் செய்திருக்கிறேன். மாட்யூல் ஒரு பதிப்பு, அதோடு பேசவேண்டிய மென்பொருள் நூலகங்கள் வேறொரு பதிப்பு என்று ஆகி, இரண்டும் ஒன்றையொன்று ஏற்காமல் நிற்கும். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று, கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ‘நோமோட்செட்’ சேர்ப்போம். படம் வந்துவிடும். வந்த மகிழ்ச்சியில் அதை எடுக்க மறந்துவிடுவோம். அது கர்னலின் கிராபிக்ஸ் டிரைவர்களை ஒதுக்கிவைத்து, கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் கொடுக்கும் எளிய திரையை வைத்து ஒப்பேற்றும் வழி, அவ்வளவுதான். எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டோடு வருடக்கணக்கில் நடந்துகொண்டு, லினக்ஸ் நொண்டுகிறது என்று புகார் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இவ்வளவுக்கும் இடம் கொடுப்பது அந்த மௌனமான கருந்திரைதான். வழி இல்லாமல் இல்லை. ஃபர்ம்வேர் தரும் திரையையே பயன்படுத்திக்கொள்ளும் சிம்பிள்டிஆர்எம் என்ற டிரைவர் 2021இல் 5.14 கர்னலில் வந்துவிட்டது. ஃபெடோரா பயனர்களுக்கான ஆர்பிஎம் ஃபியூஷன் தொகுப்பில், என்விடியா மாட்யூல் ஏறாவிட்டால் நூவோவை ஏற்றிவிடும் ஒரு சேவையே இருக்கிறது. கர்னலே நிலைகுலைந்தால் அதைத் திரையில் எழுதிக் காட்டும் வசதிகூட 2024இல் 6.10 கர்னலோடு வந்தது. கர்னல் சாகும்போது ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறதென்றால், டிரைவர் ஏறாததைச் சொல்வது அதைவிடக் கடினமாக இருக்க முடியாது.

எனவே கேட்கிறேன். புதிய கர்னலுக்கான டிரைவர் மாட்யூல் உருவாகிவிட்டதா என்று பார்க்காமல் அந்தக் கர்னலை முதல் தேர்வாக வைக்காதீர்கள். உருவாகாவிட்டால் பழைய கர்னலிலேயே தொடங்கட்டும். தடைப்பட்டியல் நிறுவப்பட்ட டிரைவரின் பெயருக்கு அல்ல, உண்மையிலேயே ஏறி ஓடும் டிரைவருக்குக் கட்டுப்படட்டும். நீலத் திரை வரப்போகிறது, இன்னதை அழுத்த வேண்டும் என்பதை ரீஸ்டார்ட் பொத்தானுக்குப் பக்கத்திலேயே பயனரின் மொழியில் போடுங்கள். ‘ஐயோ, ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்ற பாணியில் மட்டும் வேண்டாம். ஏதோ நடந்தது எங்களுக்கே தெரிகிறது, என்ன நடந்தது என்பதுதான் தெரியவில்லை.

நிரல் எழுதித் தர என்னால் முடியாது. செய்தியை எழுதித் தர முடியும். முதல் வரைவு இதோ, வேண்டியபடி திருத்திக்கொள்ளுங்கள்:

“புதிய கர்னலுக்குக் கிராபிக்ஸ் டிரைவர் தயாராகவில்லை. காரணம்: ஹெடர் தொகுப்பு நிறுவப்படவில்லை. அதை நிறுவும்வரை கணினி பழைய கர்னலிலேயே தொடங்கும். இப்போதே நிறுவவா?”

இப்படிக்கு,
அரைநாள் மானிட்டரைச் சந்தேகித்த ஒரு பயனர்