டிவிடி ட்ரைவ் தெரியவில்லையா? பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். தரம் 10, 11 மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடங்களை இறுவட்டில் பதிந்து கொடுத்து வருகிறோம். சிக்னல் எட்டாத தோட்டப் பிரிவுகளுக்கு இணையம் வழியே அனுப்ப முடியாது. ஆனால் வீட்டுக் கணினியில் இறுவட்டை ஓட்டும் பாகமான டிவிடி ட்ரைவ் தெரியவில்லை என்று பல பிள்ளைகள் சொல்கிறார்கள். ஹட்டன் டவுனுக்குக் கணினியைத் தூக்கிச் சென்ற சிலரிடம், பார்த்த மாத்திரத்தில் ட்ரைவை மாற்றக் கடைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

முதலில் ட்ரைவின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். தட்டும் வராமல் விளக்கும் எரியாமல் இருந்தால், பெரும்பாலும் அதற்கு மின்சாரம் போகவில்லை. தட்டு வந்தால், கணினியைத் தொடங்கும்போதே எஃப்2 அல்லது டிலீட் விசையைத் தட்டி, விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் பயோஸ் என்ற அமைப்புத் திரைக்குப் போங்கள். அங்கே ட்ரைவின் பெயர் இல்லையென்றால் விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் பயனில்லை. வயரைத்தான் பார்க்க வேண்டும்.

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகே கணினிப் பெட்டியைத் திறவுங்கள். பெரும்பாலான கணினிகளில் ட்ரைவின் பின்னால் அகலமான வயர் மின்சாரத்துக்கு, ஒடுக்கமானது தரவுக்கு. இரண்டின் வாயும் 'ட' எழுத்தைப் போல மடிந்திருப்பதால் ஒரு பக்கமாகத்தான் நுழையும்; வலிந்து திணிக்க வேண்டாம். கொழும்பிலிருந்து உறவினர்கள் அனுப்பும் பழைய கணினிகள் மலைப்பாதையில் குலுங்கி வரும்போது இந்த ஒடுக்கமான வயர் தளர்ந்துவிடுகிறது. கழற்றி மீண்டும் செருகுங்கள். சரிவராவிட்டால் மறுமுனையை மதர்போர்டில் (பெட்டிக்குள் உள்ள முதன்மைப் பலகையில்) பக்கத்துத் துளைக்கு மாற்றுங்கள்.

பயோஸில் பெயர் இருந்தும் விண்டோஸில் இல்லையென்றால், விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ட்ரைவின் பெயரருகே மஞ்சள் முக்கோணம் தெரிகிறதா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ட்ரைவை அங்கே அன்இன்ஸ்டால் செய்து (பட்டியலிலிருந்து நீக்கி) கணினியை மறுபடி தொடங்கினால் விண்டோஸ் தானாகவே அதைச் சேர்த்துக்கொள்ளும். அப்போதும் மஞ்சள் போகாவிட்டால், இறுவட்டு எழுதும் பழைய மென்பொருள் ஏதாவது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடத்தில்) விட்டுச்சென்ற பதிவுகள் காரணமாக இருக்கலாம். அதில் மட்டும் பிள்ளைகளைக் கைவைக்க விடாதீர்கள். தவறான பதிவை அழித்தால் விண்டோஸே திறக்காமல் போகலாம். நம் ஆசிரியர் செய்து தருவார்.

ட்ரைவ் தெரிந்தும் பாட வட்டு ஓடவில்லை என்றால் அது வேறு கோளாறு. ட்ரைவுக்குள் சிடியைப் படிக்க ஒரு லேசர் ஒளி (780 நானோமீட்டர்), டிவிடிக்கு வேறொன்று (650 நானோமீட்டர்). ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யலாம். ஆகவே பாட்டு சிடி ஓடுகிறது, பாட டிவிடி ஓடவில்லை என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். லென்ஸைச் சுத்தம் செய்தும் படிக்காவிட்டால்தான் புது ட்ரைவைப் பற்றி யோசிக்க வேண்டும். விறகடுப்புப் புகையும் மழைக்கால ஈரமும் லென்ஸில் படியும். அடுப்படியையும் நனைந்த சுவரையும் ஒட்டிக் கணினியை வைக்காதீர்கள்.

ஒரு மாணவி பல பாடங்களைப் பார்க்காமலே இருந்திருக்கிறாள். அப்பாவுக்குச் செலவு வரும் என்று வீட்டிலும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. உங்கள் பிள்ளையிடம் இன்றிரவே கேளுங்கள்.

வீட்டில் சரிவராவிட்டால் சனிக்கிழமை காலை கணினிப் பெட்டியை மட்டும் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள், திரை தேவையில்லை. பார்த்துக் கொடுப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அதுவரை பாடங்களைப் பென் டிரைவில் பதிந்து தருகிறோம்.

இப்படிக்கு,
அதிபர்