மெஷினை நிறுத்தியவரிடம் முதலில் என்ன கேட்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊழியர்களுக்கு உற்சாகம் ஊட்டுவது எப்படி என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாதத்தின் சிறந்த ஊழியர் விருது, பிறந்தநாள் கொண்டாட்டம், வெளியிலிருந்து பேச்சாளரை அழைத்து ஒரு நாள் பயிற்சி என்று நிறைய யோசனைகள் இருந்தன. எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கும் எனக்கு, பேச வேண்டிய விஷயம் விட்டுப்போனதாகவே பட்டது. வேலைக்குச் சேருகிறவர்கள் உற்சாகத்தோடுதான் வருகிறார்கள். அது எங்கே, யாரால் செத்துப்போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஷாப்பில் ஒரு இளம் ஆபரேட்டர் கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி மெஷினில் போரிங், அதாவது துளையைக் குடைந்து சரியான அளவுக்குக் கொண்டுவரும் வேலை, போட்டுக்கொண்டிருந்தார். சில பீஸுக்கு ஒருமுறை, துளையை அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டு அளவு பார்ப்பது வழக்கம். உலோகத்தை வெட்டும் சிறு துண்டான இன்சர்ட் தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே வரும். மெஷினில் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டில் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூட்டிக்கொடுத்தால் சரியாகிவிடும். அன்று ஆஃப்செட் கொடுத்தும் நிற்காமல் அளவு இறங்கிக்கொண்டே போனது. அவர் மெஷினை நிறுத்தினார். கதவைத் திறந்து, இன்சர்ட்டைக் கழற்றி, துணியால் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனை சில்லு பெயர்ந்திருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் அந்த ஷிப்டில் ஒரு பீஸ்கூடத் தேறியிருக்காது.

அந்த நேரம் பார்த்து மேலாளர் வந்தார். "யாரைக் கேட்டு மெஷினை நிறுத்துனே?" என்பதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. பக்கத்து மெஷின்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் இன்சர்ட்டை அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். "டார்கெட்டுக்கு யார் பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பையன் வேறு ஆளாகிவிட்டார். சந்தேகம் வந்தாலும் என்னைத் தேடி வருவதில்லை. பீஸைக் கழற்றி ட்ரேயில் வைத்துவிட்டு அடுத்ததை மாட்டுவார். இன்ஸ்பெக்‌ஷனில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். அவரை மட்டுமல்ல, அன்று தலை குனிந்த அத்தனை பேரையும் அந்த ஒரு கேள்வி மாற்றிவிட்டது. எந்தப் பயிற்சி வகுப்பு இதைச் சரிசெய்யும்?

இதை ஒரு மேலாளரின் குணம் என்று ஒதுக்கிவிட முடியாது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையில் எந்த நாளிலும் ஏறக்குறைய 20 சதவீதம் பேர் வேலைக்கு வராமல் இருந்திருக்கிறார்கள். தரத்திலும் கெட்ட பெயர். 1982-ல் அதை மூடிவிட்டார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே இடத்தில் உற்பத்தி தொடங்கியபோது, பெரும்பாலும் பழைய தொழிலாளர்களையே திரும்ப எடுத்தார்கள். தொழிற்சங்கமும் அதேதான். நிர்வாகம் தொழிலாளியை நடத்தும் விதம் மாறியது. கோளாறு கண்ணில் பட்டால், தலைக்கு மேலே ஓடும் கயிற்றை லைனில் நிற்கும் யாரும் இழுக்கலாம். குழுத் தலைவர் உதவிக்கு வருவார்; குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைனே நிற்கும். வராதவர்களின் அளவு சுமார் 2 சதவீதத்துக்கு இறங்கியது. சோம்பேறிகள் என்று பெயர் வாங்கியவர்கள்தான் தரமான கார்களைச் செய்து அனுப்பினார்கள்.

கயிறு மட்டும் கட்டிவிட்டால் போதாது. எங்களிடமும் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் உதவிக்கு அழைக்கும் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் வருகிறவர் திட்டுவதற்கு வருகிறாரா, உதவுவதற்கு வருகிறாரா என்பதைப் பொறுத்தே கை அதன் பக்கம் போகும்.

ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவானதோ நல்ல குழுக்களில்தான் அதிகம். அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் தவறை வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் அது மூடி மறைக்கப்பட்டது. என் ஷிப்டில் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும் வாரத்தில்தான் எனக்கு இப்போதெல்லாம் கவலை அதிகம்.

அன்பாகப் பேசினால் போதும், சம்பளம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 1913-ல் ஃபோர்டு கம்பெனியில் ஆட்கள் நிலைக்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள். ஓர் ஆண்டில், இருந்த ஆள்பலத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் விலகினார்கள். 1914 ஜனவரியில் 8 மணி நேர வேலைக்கு நாள் கூலியை 5 டாலராக, கிட்டத்தட்ட இருமடங்காக, உயர்த்திய பிறகுதான் அந்த ஓட்டம் அடங்கியது. நியாயமான சம்பளம் கொடுக்காமல் உற்சாகத்தைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை கிடையாது. அதேபோல, குழுவில் இத்தனை பேருக்குக் கட்டாயம் குறைந்த ரேட்டிங் போட்டே ஆக வேண்டும் என்ற அப்ரைசல் முறையும் ஒழிய வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2013-லேயே அதைக் கைவிட்டது. கீழே தள்ள ஒரு ஆள் தேவைப்படும் குழுவில் யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பார்கள்?

பிற்பாடு எங்களுக்குப் புதிய மேலாளர் வந்தார். அதே மெஷின் ஒருநாள் மறுபடியும் நின்றது. அவர் நேராகப் போய், "என்ன தம்பி, என்ன பார்த்தீங்க?" என்றார். கேஜை வாங்கித் தானே அளந்தார். ஆபரேட்டர் தயங்கித் தயங்கி, முனை உடையும் வரை காத்திருக்காமல் இத்தனை பீஸுக்கு ஒருமுறை இன்சர்ட்டை மாற்றிவிடலாமே என்றார். மறுநாள் காலை மீட்டிங்கில் அதை அவர் பெயரைச் சொல்லியே அறிவித்து, வேலை செய்யும் முறையைக் குறித்துவைக்கும் ப்ராசஸ் ஷீட்டிலும் எழுதிவிட்டார்கள். மனசு ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. பழையபடி என்னிடம் வந்து பேச அந்தப் பையனுக்குப் பல மாதங்கள் பிடித்தன. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அளவு பார்க்கக் கற்றுக்கொடுப்பவர் அவர்தான்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நிர்வாகிகளைப் பேட்டி எடுக்கும்போது அவர்களுடைய வெற்றி ரகசியத்தோடு இதையும் கேளுங்கள்: "கடைசியாக உங்களிடம் கெட்ட செய்தி கொண்டுவந்த ஊழியர் யார், அவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?" அந்த நிறுவனத்தில் ஷிப்ட் பார்க்கும் ஒருவரிடமும், பெயரை வெளியிடாமல், இதையே கேட்டு, இரண்டு பதில்களையும் ஒரே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர்