தெர்மல் பேஸ்ட் மாற்றினால் எத்தனை டிகிரி குறைந்தது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். கணினியின் பிராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் இடையே பூசும் பசைதான் தெர்மல் பேஸ்ட்.

"பழைய பேஸ்ட்டில் பிராசஸர் 78 டிகிரிதான் இருந்தது, விலை கூடியது வாங்கிப் போட்டும் 80 காட்டுகிறதே" என்று கேட்டு சிலர் வருகிறீர்கள். நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த நேரம் அறையில் எத்தனை டிகிரி?

கூலர் பிராசஸரின் சூட்டை அறைக் காற்றில்தான் கொண்டுபோய்த் தள்ளுகிறது. ஏசி ஓடும் 25 டிகிரி அறையில் 78 என்றால் வித்தியாசம் 53. ஏசி இல்லாத மத்தியானம், அறை 33 டிகிரி, பிராசஸர் 80 என்றால் வித்தியாசம் 47. அப்படியானால் புதுப் பேஸ்ட்தான் ஜெயித்திருக்கிறது. தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டிப் பயனில்லை. கூலர் ஃபேன் காற்றை இழுக்கிற இடத்தருகே வையுங்கள். கேபினெட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டு கக்கும் சூடும் அந்தக் காற்றில் கலந்திருக்கும்.

அப்புறம் வாட், அதாவது பிராசஸர் இழுக்கும் மின்சாரம். ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸர் முழு வேலையில் 95 டிகிரியைத் தொட்டு, அங்கேயே நின்று ஓடும்படி செய்யப்பட்டது. அதற்கு நல்ல பேஸ்ட் போட்டாலும் 95 அப்படியே இருக்கலாம். கிளாக், அதாவது வேகம்தான் கொஞ்சம் ஏறும். அதனால் பயாஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்ஸ்) பவர் லிமிட்டை, அதாவது வாட்டின் உச்ச வரம்பை, ஓர் எண்ணில் கட்டிவிடுங்கள். ஃபேனையும் ஆட்டோவில் விடாமல் ஒரே ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) ஓட்டுங்கள்.

சும்மா இருக்கும்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்துச் சண்டை வேண்டாம். இன்டெல் சென்சார், உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் கணக்கிடுகிறது. வரம்பை நெருங்க நெருங்கத்தான் அதை நம்பலாம். குறைந்த வாட்டில் பேஸ்ட்டுக்குப் பேஸ்ட் வித்தியாசமும் தெரியாது. பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் பிரைம்95 புரோகிராமைப் போட்டு அரை மணி நேரம் விட்டு, எண் ஏறாமல் நின்றபின் குறித்துக்கொள்ளுங்கள்.

கூலரைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, அதே பேஸ்ட்டைப் போட்டு மறுபடி மாட்டினாலே ஓரிரு டிகிரி மாறும். ஸ்க்ரூ இறுக்கம், பேஸ்ட் பரவிய விதம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஒரு டிகிரி குறைந்ததென்று விலை உயர்ந்த டியூபை வாங்க வேண்டாம் (விற்கிற நாங்களே சொல்கிறோம்!). ஒவ்வொரு பேஸ்ட்டையும் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்துச் சராசரி எடுங்கள். ஆர்க்டிக் சில்வர் 5 மாதிரி சில பேஸ்ட்டுகள் செட்டாகவே 200 மணி நேரம் வரை ஆகலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அப்படிப்பட்டவற்றுக்குப் பூசிய முதல் நாளே மார்க் போடாதீர்கள்.

பேஸ்ட் சரியில்லை என்று கடைக்கு வருகிறவர்கள், மாற்றும் முன்னும் பின்னும் எடுத்த அறை வெப்பம், பேக்கேஜ் வாட் (பிராசஸர் மொத்தமாக இழுக்கும் வாட்), ஃபேன் ஆர்பிஎம் மூன்றையும் குறித்துக் கொண்டுவாருங்கள். அது இருந்தால் கூலரைக் கழற்றாமலேயே பாதி விஷயம் பேசிவிடலாம்.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவு